கல், நீர், செடி: குமரி மாவட்டத்தில் உயிர்கள் குடியேறும் கலைத்தோட்டம் அமைக்கும் முறை

வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் முதல் ஐம்பது சென்ட் வரை நிலம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளி வளாகத்துக்கும் ஆலய முற்றத்துக்கும் இதே முறை பொருந்தும். கண்ணுக்கு நிறைவான ஒரு வடிவமும், தவளை, ஓணான், வண்ணத்துப்பூச்சி, பறவை ஆகியவை வாழும் இடமும் ஒரே வேலையில் கிடைக்க வேண்டும். அதுதான் நோக்கம்.

என் சொந்த விளையில் (தோட்ட நிலத்தில்) இதைச் செய்து பார்த்தேன். பிறகு பலருடைய நிலங்களில் உடன் நின்றேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதலில் சிலையை வாங்குகிறார்கள், அடுத்துப் புல்தரை விரிக்கிறார்கள், பிறகு செடி வைக்கிறார்கள், தண்ணீரைப் பற்றி ஏப்ரல் மாதத்தில் யோசிக்கிறார்கள். வேலை நடக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது: தண்ணீரின் வழி, மண், கல், குளம், மரம், செடி, பாதை, கடைசியில் சிற்பம்.

ஒரு விதியை மட்டும் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வைக்கும் ஒவ்வொரு கலைப் பொருளும் ஏதாவது ஓர் உயிருக்கு வளையாகவோ, தண்ணீர்க் கிண்ணமாகவோ, அமரும் கொம்பாகவோ இருக்க வேண்டும். அப்படி இல்லாத பொருளுக்கு இங்கே இடமில்லை.

கருவிகள் அதிகம் வேண்டாம். மம்பட்டி, கடப்பாரை, வெட்டுக்கத்தி, முளைக்குச்சிகள், கயிறு, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய், ஒரு நோட்டுப் புத்தகம். இவற்றோடு ஓராண்டுப் பொறுமையும் வேண்டும்.

1. ஒரு மழையையும் ஒரு கோடையையும் பாருங்கள்

குமரி மாவட்டம் சிறியது. ஆனால் அதன் கிழக்கும் மேற்கும் ஒரே நிலம் அல்ல. விளவங்கோடு, கல்குளம் பக்கம் இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் (வடகிழக்குப் பருவமழை) நன்றாகப் பெய்கின்றன. ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையைவிடக் காற்றுதான் அதிகம். கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில்தான் முப்பந்தலின் காற்றாலைகள் சுழல்கின்றன. அங்கே நிலம் ஆழமாக நனைவது அக்டோபர், நவம்பரில்தான். ஆகவே மேற்கில் இருப்பவருக்குச் சரியான நடவு மாதம் கிழக்கில் இருப்பவரின் கன்றுகளைக் கொன்றுவிடும்.

பெரிய மழை பெய்யும்போது குடையோடு நிலத்தில் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழை நின்ற மறுநாள் காலையிலும் தண்ணீர் நிற்கும் இடமே குளத்துக்குரிய இடம். உங்களுக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் குளம் தோண்டினால், ஆயுள் முழுவதும் குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும்.

மண்ணைச் சோதிக்க ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். கடலோர மணலில் கண் முன்னே மறைந்துவிடும். மேற்கே வெட்டுக்கல் (செம்பாறாங்கல்) படிவம் உள்ள இடங்களில் மேல்மண் உறிஞ்சும், அடியில் கெட்டித்தட்டு தடுக்கும். நாஞ்சில் நாட்டு வயல்களை ஒட்டிய தாழ்நிலத்தில் குழிக்குள் அடியிலிருந்தே தண்ணீர் ஊறலாம். குளத்தை எப்படிக் கட்டுவது என்பதை இந்த ஒரு குழி சொல்லிவிடும்.

2. நாற்காலியிலிருந்து வரையுங்கள்

காகிதத்தில் மேலிருந்து பார்ப்பது போல் வரைபடம் போடுவது எளிது. ஆனால் யாரும் தோட்டத்தை மேலிருந்து பார்ப்பதில்லை. நீங்கள் நாள்தோறும் தேநீர் குடிக்கும் இடத்தில் நாற்காலியைப் போட்டு, அங்கிருந்து தெரிவதை வரையுங்கள். முன்னால் தாழ்ந்த செடிகள், நடுவில் திறந்த வெளியும் நீரும், பின்னால் புதர், அதற்கும் பின்னால் மரம் என்று உயரம் படிப்படியாக ஏறட்டும். பறவைகளுக்கும் இந்த ஏற்றம் பிடிக்கும். மரத்தில் இறங்கி, புதரில் நின்று, சுற்றிலும் பார்த்த பிறகே அவை தண்ணீருக்கு வரும்.

தண்ணீருக்கும் அடர்ந்த புதருக்கும் இடையே இரண்டு, மூன்று மீட்டர் வெளி விடுங்கள். மிக அருகில் புதர் இருந்தால் பூனை பதுங்கும். மிகத் தொலைவில் இருந்தால் வைரி என்னும் வேட்டைப் பறவையைக் கண்டு பறவை தப்பியோட மறைவு இருக்காது.

வீட்டை ஒட்டிய மூன்று மீட்டர் சுத்தமாக இருக்கட்டும். கோடியில் உள்ள பகுதி அடர்ந்து வளரட்டும். இரண்டுக்கும் நடுவே தெளிவான ஒரு கரை போடுங்கள்: வெட்டுக்கல் வரிசையோ, கத்தரித்த தெற்றி (இட்லிப்பூ) வேலியோ போதும். கரை நேர்த்தியாக இருந்தால் உள்ளே எத்தனை அடர்த்தி இருந்தாலும் கண் அதை வடிவமாக ஏற்றுக்கொள்கிறது. கரை இல்லையென்றால் அதே அடர்த்தி பராமரிப்பில்லாத காடாகத் தெரிகிறது, அயல்வீட்டாரும் குறை சொல்கிறார்கள்.

3. எதை எடுப்பது, எதை விடுவது

முதல் நாளே ஜேசிபி அழைத்து நிலத்தை வழித்தெடுப்பது மிகப் பெரிய தவறு. ஒரு காலை வேலையில், பல ஆண்டுகள் உருவான மேல்மண்ணும், அதில் உறங்கும் விதைகளும், கிழங்குகளும் போய்விடுகின்றன.

மாறாக, காக்க வேண்டியவற்றில் சிவப்புத் துணி கட்டுங்கள். தும்பை, நாயுருவி, எருக்கு, ஆவாரை, நொச்சி, பாசி படிந்த பழைய கையாலை (எல்லைச் சுவர்), கறையான் புற்று ஆகியவை இருக்கட்டும். எருக்கை வெட்டினால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்கு முட்டையிட இடமில்லை.

எடுக்க வேண்டியவை உண்ணிச்செடி, பார்த்தீனியம், சீமைக்கருவேலம் ஆகியவை. நர்சரிகளில் தரைவிரிப்பாக விற்கப்படும் சிங்கப்பூர் டெய்சி என்ற மஞ்சள் பூக்கொடியையும் இதே பட்டியலில் சேருங்கள். அது கணுவுக்குக் கணு வேர் விட்டு, தரையில் வேறெதையும் முளைக்க விடாது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள். பூத்தபின் பிடுங்கினால் விதையை நீங்களே பரப்பியதாகிவிடும்.

4. மண்வேலை: ஏப்ரல், மே

மழைக்கு முன் மண்வேலை முடிய வேண்டும். ஈர மண்ணில் ஆள் நடந்தாலும் வண்டி ஏறினாலும் மண் இறுகிவிடும், அப்புறம் வேர் இறங்காது.

தண்ணீர்க் குழாயால் ஒரே மட்டத்தில் உள்ள புள்ளிகளைக் கண்டுபிடித்துச் சுண்ணாம்புக் கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் இரண்டடி அகலம், ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, மண்ணைத் தாழ்ந்த பக்கத்தில் வரப்பாகப் போடுங்கள். மட்டமான வாய்க்காலில் தண்ணீர் ஓடாது. நின்று நிலத்துக்குள் இறங்கும். மேல்மண் அரை அடியைத் தனியாகக் குவித்து வைத்து, கடைசியில் வரப்பின் மேல் பரப்புங்கள். அடிமண்ணை மேலே போட்டு அதில் கன்று நட்டவர்கள் இரண்டு ஆண்டுகள் வளர்ச்சிக்குக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மட்டக்கோடு இயல்பாகவே வளைந்துதான் வரும். அதை நேராக்க முயல வேண்டாம். நிலமே வரைந்து கொடுக்கும் அந்த வளைவுதான் உங்கள் தோட்டத்தின் முதல் ஓவியக் கோடு. பாதை, செடிப்பாத்தி, கல்வரிசை எல்லாம் அதைப் பின்தொடரும்போது தோட்டத்துக்கு ஓர் ஒருமை வருகிறது.

வாய்க்காலின் அடியில் தேங்காய்த் தொண்டுகளை (உரித்த மட்டைகளை) குழிந்த பக்கம் மேலாக அடுக்குங்கள். கோடை வரை அவை ஈரம் பிடித்து வைக்கும். அடுக்கியதும் மண்ணால் முழுக்க மூட வேண்டும். திறந்து கிடக்கும் தொண்டில் மழைநீர் நின்றால் கொசு முட்டையிடும். நல்ல எண்ணத்தில் தொண்டு பரப்பிவிட்டு ஒரு மழைக்காலம் முழுதும் கொசுவோடு வாழ்ந்த வீடுகள் உண்டு.

5. கல்: செடிக்கு முன்னால் வர வேண்டும்

கல்லை ஏற்றிய லாரி உள்ளே வர வேண்டும், உருட்ட இடம் வேண்டும். செடி வைத்த பிறகு கல் வந்தால் பாதிச் செடி மிதிபடும். ஆகவே மண்வேலைக்குப் பின், நடவுக்கு முன்.

நம் மாவட்டத்துக்கு மயிலாடி என்னும் சிற்பிகளின் ஊர் இருப்பது பெரும் பேறு. சிற்பக் கூடங்களில் சிலைக்குப் பொருந்தாமல் பிளந்து ஒதுக்கிய துண்டுகளும், உளி பட்டுத் தெறித்த சில்லுகளும் கிடைக்கும். கேட்டுப் பாருங்கள். மலையிலிருந்தும் ஓடையிலிருந்தும் கல் பெயர்த்து எடுத்து வராதீர்கள். அந்தக் கல்லின் அடியில் ஏற்கெனவே ஓர் உயிர் குடியிருக்கிறது.

முப்பது சிறு கற்களைச் சிதற விடுவதைவிட மூன்று பெரிய கற்கள் அழகு. ஒவ்வொன்றையும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறக்குங்கள். அப்போதுதான் நிலத்திலிருந்து எழுந்த கல்லாகத் தெரியும். ஈர மண்ணைத் தொடும் கல்லின் விளிம்பில்தான் தேரை பகலில் ஒதுங்கும்.

தோட்டத்தின் முதன்மைக் கலைவேலையாக நான் பரிந்துரைப்பது சாந்து பூசாத ஒரு கல்சுவர். வளைந்தோ, நத்தை ஓடு போலச் சுருண்டோ போகட்டும். உயரம் இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம். அடித்தளத்தில் மேல்மண்ணை நீக்கிக் கெட்டித் தரையில் மிகப் பெரிய கற்களை வையுங்கள். இரு முகங்களும் மேலே போகப் போக உள்நோக்கிச் சாயட்டும். நடுவில் மயிலாடிச் சில்லுகளை நிரப்புங்கள், மண் நிரப்ப வேண்டாம். மண் மழையில் ஊறிப் புடைத்துச் சுவரைத் தள்ளிவிடும். ஒவ்வொரு கல்லும் கீழே உள்ள இரண்டு கற்களின் மேல் அமர வேண்டும். செங்குத்து இடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் அங்கேதான் சுவர் பிளக்கும்.

இந்த இடுக்குகளே வீடுகள். விரல் நுழையும் இடுக்கில் அரணை, குச்சி நுழையும் இடுக்கில் தனித்து வாழும் தேனீ, அடியில் தேரை. அழகாக இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசி இடுக்கை அடைத்துவிடாதீர்கள். சுவரின் ஒரு முகம் காலை வெயிலைப் பார்க்கட்டும். ஊர்வன உடலைச் சூடேற்றிக்கொள்ள அந்த வெயில் தேவை.

பாம்பும் வருமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரலாம். அதனால்தான் இந்தச் சுவரும், அடுத்துச் சொல்லப்போகும் மரக்குவியலும் வீட்டு வாசலிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பறவைக்குத் தானியம் தூவும் பழக்கத்தையும் விடுங்கள். தானியம் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். இரவில் டார்ச் இல்லாமல் தோட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

கல்லில் நீர்க்கிண்ணம் செய்யச் சொன்னால் சிற்பியிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். உட்புறத்தைப் பாலிஷ் செய்யக் கூடாது, உளிக்கொத்து அப்படியே இருக்க வேண்டும். வழுக்கும் கல்லில் பறவை இறங்காது. விளிம்பில் ஆழமே இல்லாமல் தொடங்கி, நடுவில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குறைந்தது இரண்டடி அகலம் வேண்டும். வீட்டில் பழைய ஆட்டுக்கல்லோ உரலோ கிடந்தால் அதுவே போதும். குழியில் கூழாங்கல் நிரப்பி ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீரைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டியிருக்கும். தேய்த்தால்தான் போகும்.

6. குளம்

என் முதல் குளத்தை நான்கு பக்கமும் செங்குத்தாகச் சிமெண்டில் கட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. முதல் மாதத்திலேயே ஓர் அணில் குட்டியும் இரண்டு ஓணான்களும் அதில் மூழ்கிச் செத்தன. ஏறி வர வழியில்லாத குளம் பொறிக்குழியாகிவிடும் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அன்றே ஒரு பக்கத்தில் கற்களைப் படியாக அடுக்கினேன். அடுத்த கோடையில் முழுவதையும் உடைத்துத் திரும்பக் கட்டினேன்.

நீங்கள் தோண்டுவதற்கு முன் டிசம்பர் மாதக் காலையில் தேரூர்க் குளத்தின் கரையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை. கொக்கு கணுக்கால் நீரில் நிற்கிறது. இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேல் நடக்கிறது. நீர்க்காகம் ஆழத்தில் மூழ்கி எழுந்து, குச்சியில் அமர்ந்து சிறகு உலர்த்துகிறது. ஒரே குளத்தில் ஆழத்துக்கு ஓர் உயிர். சிறிய குளமானாலும் இதே பாடம்தான்: சேறாக உள்ள விளிம்பு, கணுக்கால் ஆழம், முழங்கால் ஆழம் என்று மூன்று நிலைகள் வேண்டும். மிக ஆழமான இடம் இரண்டடி போதும். கரை ஓர் அடி இறங்க மூன்றடி நீள வேண்டும்.

கடலோர மணலில் கோணிச் சாக்குகளை விரித்து, அதன் மேல் குளத்துக்கென விற்கும் கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். விளிம்பைக் கல்லால் மறையுங்கள், வெயில் பட்டால் விரிப்பு வெடிக்கும். அடியிலிருந்து நீர் ஊறும் தாழ்நிலத்தில் விரிப்பு போடக் கூடாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி விரிப்பைக் கொப்புளம் போல மேலே தூக்கிவிடும். அங்கே தோண்டினாலே போதும். சிமெண்ட் பூசியே ஆக வேண்டும் என்றால், ஆறிய பின் தண்ணீர் நிரப்பி, சில நாள் விட்டு வெளியேற்றி, இப்படி மூன்று முறை செய்யுங்கள். புதுச் சிமெண்டின் காரம் தலைப்பிரட்டைகளைக் கொல்லும். செம்பு உருளி, செம்புக் குழாய் எதையும் அழகுக்காகக் குளத்தில் வைக்காதீர்கள். செம்பு நீரில் கரைந்தால் தவளைக் குஞ்சுகளுக்கு நஞ்சு.

அல்லி, கோரை, வல்லாரை, நீர்ப்பிரம்மி ஆகியவை போதும். செடி நீர்ப்பரப்பில் பாதியை மூடட்டும், மறுபாதி வானத்தைக் காட்டட்டும். ஆகாயத்தாமரையை ஒரு கொத்துகூட உள்ளே விடாதீர்கள்.

தவளையை எங்கிருந்தும் பிடித்து வந்து விட வேண்டாம். முதல் மழைக்குத் தானாக வரும். கொசுவுக்குப் பயந்து கம்பூசியா மீன் விடுபவர்கள் உண்டு. அந்த மீன் தலைப்பிரட்டையையும் தட்டான் குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடும். தட்டான் குஞ்சே கொசுப்புழுவைத் தின்னும் என்பதால், முதல் சில வாரங்கள் மட்டும் கொசுப்புழுவை வலையால் அள்ளிக் கொட்டுங்கள். பிறகு குளம் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் நீர் மட்டத்துக்குச் சற்று மேலே உறுதியான இரும்புக் கம்பிவலை பொருத்தாமல் குளத்தை நிரப்பவே கூடாது.

7. பட்ட மரம்

இலையும் பட்டையும் உதிர்ந்து நிற்கும் மரத்தைப் போன்ற சிற்பத்தை எந்த உளியும் செதுக்காது. மரங்கொத்தி அதில் பொந்து போடும், பிறகு அந்தப் பொந்தில் மைனாவோ ஆந்தையோ குடியேறும், மீன்கொத்தி உச்சியில் அமரும். விழுந்தால் யார் மேலும் எதன் மேலும் விழாத இடத்தில், பத்தடி உயரத்தில் வெட்டி நிறுத்துங்கள். தரையில் கிடத்தும் துண்டுகளை மூன்று நான்கு தடித்த மரங்களாக அடுக்குங்கள்.

இங்கே நம் மாவட்டத்துக்கென ஓர் எச்சரிக்கை. பட்டுப்போன தென்னையை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அழுகும் தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு பெருகும். அது உங்கள் தென்னையை மட்டுமல்லாமல் அடுத்த தோப்பின் குருத்தையும் துளைக்கும். அயினி (காட்டுப்பலா), மா, புளி, கொல்லாமா (முந்திரி) ஆகியவற்றின் தடிகளைத் தேர்ந்தெடுங்கள். எருக்குழியையும் மாதம் ஒரு முறை கிளறி, தடித்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிவிட வேண்டும். வண்டு அங்கேயும் முட்டையிடும்.

8. நடவு

மேற்கே ஜூன் முதல் வாரத்தில் நடுங்கள். கிழக்கே அக்டோபர் வரை காத்திருங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஜூன் மாதம் நட்ட நூறு கன்றுகள் இலை கருகி நின்றதை ஒருமுறை பார்த்தேன். நட்டவர் மண்ணையும் உரத்தையும் குறை சொன்னார். தவறு நாட்காட்டியில் இருந்தது.

காற்றுள்ள இடத்தில் முதல் வேலை காற்றுத்தடுப்பு வேலி. உயர்ந்த மதில் கட்டினால் காற்று அதன் மேல் ஏறி மறுபக்கம் சுழன்று அடிக்கும். இலைவேலி காற்றை வடிகட்டும். கடலோரத்தில் புன்னையும் பூவரசும் தாழையும் உப்புக் காற்றைத் தாங்கும். மணல் தரையில் அடும்பும் ராவணன் மீசையும் மணலைப் பிடித்து நிறுத்தும். கிழக்கே வேம்பு, மஞ்சணத்தி, ஆவாரை, பனை. மேற்கே மகிழம், அயினி, நீர் ஓரத்தில் மரோட்டி. ஆலும் அத்தியும் பறவைக்குப் பெருவிருந்துதான், ஆனால் வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் கழிவுத் தொட்டியிலிருந்தும் நன்றாகத் தள்ளி நடுங்கள்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். பையில் நெடுநாள் இருந்த ஆறடிக் கன்றின் வேர் உள்ளே சுருண்டிருக்கும். இரண்டடிக் கன்று மூன்று ஆண்டில் அதை முந்திவிடும்.

வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு வகைச் செடி தேவை. ஒன்று தேன் தருவது, மற்றொன்று புழு தின்பது. பலர் முதலாவதை மட்டும் வைக்கிறார்கள். அப்போது வண்ணத்துப்பூச்சி விருந்தாளியாக வந்து போகும், குடியிருக்காது. கறிவேப்பிலையிலும் நாரத்தையிலும் கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் முட்டையிடும். கருடக்கொடி என்னும் ஈஸ்வரமூலி இருந்தால் பொன்னழகி வரக்கூடும். சரக்கொன்றை கொன்னை வெள்ளையனுக்கு. மரோட்டி, 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனுக்கு. தேனுக்குத் தெற்றி, தும்பை, நொச்சி, கிருஷ்ணகிரீடம். கிலுகிலுப்பையை ஓர் ஓரமாக வையுங்கள். வெந்தய வரியனின் ஆண்பூச்சிகள் இனச்சேர்க்கைக்கு வேண்டிய வேதிப்பொருளை அதிலிருந்துதான் உறிஞ்சுகின்றன.

கலையும் உயிரியலும் கைகோக்கும் இடம் இது. புழு தின்னும் செடியைப் பின்வரிசையில் வையுங்கள், தேன் செடியை முன்வரிசையில். ஓட்டையான இலைகளைப் பூக்கள் மறைக்கும். ஒவ்வொரு வகையையும் ஐந்து முதல் ஏழு செடிகளாகச் சேர்த்து ஒரே திட்டாக நடுங்கள். தோவாளைச் சந்தையில் பூக்களைக் குவியல் குவியலாகப் பார்க்கும்போது கண் நிற்பதற்குக் காரணம், ஒரே நிறம் ஓரிடத்தில் திரண்டிருப்பது. தேனீயும் அப்படித்தான் தேடுகிறது. ஒவ்வொன்றிலும் ஒன்று என்று நட்டால் கண்ணும் அலைகிறது, பூச்சியும் அலைகிறது.

இலை தின்னப்பட்டதும் வேப்பெண்ணெய் தெளிக்க ஓடாதீர்கள். அந்தப் புழுவுக்காகத்தான் இத்தனை வேலையும் செய்தோம். புழுதான் தேன்சிட்டும் கதிர்க்குருவியும் குஞ்சுக்கு ஊட்டும் உணவும்கூட.

கிழக்கில் கன்றுக்கு முட்டுக்கொடுக்கும்போது சவுரிக் கயிற்றால் (தென்னை நார்க் கயிறு) தளர்வாகக் கட்டுங்கள். தண்டு கொஞ்சம் ஆட வேண்டும். அசைந்த தண்டுதான் தடிக்கும்.

9. கூடு, நிறம், கண்ணாடி

சிட்டுக்குருவிக்கு மண்கலயம் செய்யச் சொன்னால் வாய் 32 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதைவிடப் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். மேற்கு வெயிலும் சாரலும் படாத கூரையடியில் கட்டுங்கள்.

தனித் தேனீக்களுக்கு மூங்கில் துண்டுகளை ஒரு முனையில் கணு மூடியிருக்கும்படி அறுத்து, நான்கு முதல் பத்து மில்லிமீட்டர் துளை உள்ளவற்றைக் கட்டாகக் கட்டி, கிழக்கு நோக்கி மாட்டலாம். வட்டம், பிறை, மீன் என்று எந்த வடிவத்திலும் அடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் மிக அழகாகச் செய்கிறார்கள். நம் மழைக்கு மேலே கூரை அவசியம், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும்.

எனாமல் பெயின்ட் உரிந்து மண்ணில் சேரும். சுவருக்குச் சுண்ணாம்பு போதும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் விழும் இலை நிழல் நாள் முழுதும் மாறும் ஓவியம். கண்ணாடித் தகடு பதிப்பது வேண்டாம். பறவை அதில் தெரியும் மரத்தை உண்மை என்று நம்பிப் பறந்து மோதும்.

10. பாதையும் விளக்கும்

பாதையைக் கடைசியில் போடுங்கள். மூன்று மாதம் நடந்த பிறகு உங்கள் கால் தடமே வழியைக் காட்டியிருக்கும். தண்ணீர் இறங்கும்படி வெட்டுக்கல் துண்டுகளை இடைவெளி விட்டுப் பதியுங்கள்.

விளக்கு கூடிய மட்டும் வேண்டாம். வெளிச்சத்தில் மின்மினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாது, அந்துப்பூச்சிகள் விளக்கைச் சுற்றியே சோர்ந்து விழும். தேவைப்பட்டால் முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி, மஞ்சள் நிறத்தில் ஒன்று வையுங்கள், வேலை முடிந்ததும் அணையுங்கள். கடற்கரை வீடுகளில் கடலைப் பார்த்து விளக்கு போடவே கூடாது. முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு அந்த வெளிச்சத்தை நோக்கித் திசைமாறிப் போய்விடும்.

11. முதல் ஆண்டு

ஜனவரி முதல் மே வரை வாரம் இரண்டு முறை, ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். சருகைப் பெருக்கி எரிக்காமல் செடியடியில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். மழைக்காலத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தை வந்தால் மாலையில் ஈரச் சாக்கை விரித்து வையுங்கள். காலையில் அதன் அடியில் கூடியிருப்பவற்றை, வெறுங்கையால் தொடாமல் எடுத்து உப்புநீரில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவ வேண்டாம்.

நோட்டில் தேதியும், பார்த்த உயிரும், அது இருந்த இடமும் எழுதிவாருங்கள். அடுத்த படிக்கு அந்தக் குறிப்பு தேவைப்படும்.

12. சிற்பத்தின் இடம்

செதுக்கிய சிற்பத்துக்கு இப்போதுதான் முறை. ஐந்தாம் படியிலேயே பீடக்கல்லை மட்டும் இறக்கி வைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போகும் அகலத்தில் வழி விட்டிருங்கள். ஓராண்டு பீடம் வெறுமையாக இருக்கட்டும். பறவைகள் எந்த உயரத்தில் அமர்கின்றன, எந்தப் பக்கம் பார்க்கின்றன, காலையில் நிழல் எங்கே விழுகிறது என்று நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு சிற்பியிடம் போங்கள்.

நான் முதலில் அமர்ந்த நிலையில் ஒரு பெண் உருவம் செய்ய எண்ணியிருந்தேன். நோட்டில் பதினொரு மாதங்களில் மீன்கொத்தியைப் பற்றி மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட குறிப்புகள் இருந்தன. எல்லாமே குளத்தின் வடக்குக் கரையில், ஆளுயரத்துக்குச் சற்று மேலே நீட்டியிருந்த ஒரு காய்ந்த கொம்பில். அந்தக் கொம்பு ஆடி மாதக் காற்றில் முறிந்துவிட்டது. மயிலாடியில் ஆறரை அடிக் கருங்கல் தூண் ஒன்று செய்யச் சொன்னேன். அடியில் ஒன்றரை அடி பீடக்கல்லின் குழிக்குள் போக, உச்சியில் நீர்ப்பக்கம் ஒரு சாண் நீளும் கல்மூக்கு, கால் பற்ற உளிக்கொத்து மாறாமல். பீடக்கல்லின் மேல் நிறுத்தியதால் முறிந்த கொம்பின் உயரமே வந்தது. நிறுத்திய பதினாறாம் நாள் காலை ஏழு மணிக்கு முன் மீன்கொத்தி அதில் வந்து அமர்ந்தது. நோட்டில் அந்தத் தேதியின் கீழ்க் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.